மாடியில் ஆளரவம்

திருத்தங்கலில் பாலம்மாள் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பாலம்மாளுக்கு அதுவே பெரிய கவலையாகப் போயிற்று.

மாடியில் ஆள் நடக்கும் சத்தம் கேட்பதில்லை. நாற்காலி நகர்வதில்லை, பாத்திரம் விழுவதில்லை, காற்றுக்கூட அங்கே கதவை அறைந்து சாத்துவதில்லை. கீழ்க்கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், தம்முடைய மூச்சுதான் அவருக்குக் கேட்டது. மேலே இருப்பதோ தாய், தகப்பன், கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று பேர். மூன்று பேர் வாழும் வீடு இப்படியா இருக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்பு குடியிருந்த குடும்பத்தைச் சத்தத்துக்காகவே விரட்டியவர் இதே பாலம்மாள்தான். விரட்டினார் என்பது சற்றுக் கடுமையான சொல்லாக இருக்கலாம். கட்டிலை இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். உரலில் இடிப்பதை வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் குதிப்பதைப் பற்றிப் பேசத் தாமே முழங்கால் வலியோடு படியேறிப் போனார். ஒரு நாள் அவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, போய்வருகிறோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். அதன் பிறகு மாடி வெகுநாள் பூட்டிக் கிடந்தது.

பூட்டிக் கிடந்தால் கிடக்கட்டும் என்றுதான் பாலம்மாள் இருந்திருப்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஹரிஷ்குமார் விடவில்லை. தகப்பனார் காலமான பிறகு தாயை எண்ணி அவன் படும் கவலையும் பொய்யன்று.

“மாடியில ஆள் இருந்தா நீங்க அங்கனயே இருங்க. ஆள் இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்கம்மா. தனியா இருக்கீகன்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது” என்று தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டான்.

பெங்களூருக்குப் பாலம்மாள் ஒரு முறை போயிருக்கிறார். மகனும் மருமகளும் தாங்கத்தான் தாங்கினார்கள். ஆனால் அந்த அடுக்குமாடியில் பால்காரர் முகத்தைப் பார்க்காமலே பால் வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து அவர் பார்த்ததே இல்லை. திருத்தங்கலில் என்றால் பூக்காரி ஒரு நாள் வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். கடைத்தெருவுக்குப் போனால் காய்கறி வாங்குவதற்கு ஆகும் நேரத்தைவிட நின்று பேசுவதற்கு அதிக நேரம் ஆகும். இந்த வீட்டையும் இந்தத் தெருவையும் விட்டுப் போவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்கு மாடியில் ஒரு குடும்பம் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

வீட்டுத் தரகர் சோலைமலையிடம், யாராக இருந்தாலும் சரி, நல்லவர்களாக இருந்தால் போதும் என்றார். சோலைமலை எம். புதுப்பட்டியிலிருந்து வள்ளித்தாயின் குடும்பத்தை அழைத்து வந்தார். வள்ளித்தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி; காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவர் கணவர் ஊர்க்காவலன் திருத்தங்கலிலேயே காலண்டர் அச்சகம் ஒன்றில் லோடு ஏற்றுகிறவர். மகள் மாரிசெல்வி விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறாள். புதுப்பட்டியிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்வருவது அவளுக்குக் கஷ்டம் என்றுதான் சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் வந்தது போலவே தெரியவில்லை.

ஒரு நாள் மாலை, எதிர்வீட்டு முத்துப்பேச்சி வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தவர், அப்படியே இந்தப் பக்கம் வந்தார்.

“மதினி, மேல இருக்கிறவுக பேச்சுமூச்சே காணுமே. என்ன சங்கதி?”

“அமைதியான சனம். அம்புட்டுத்தான்.”

“அமைதின்னா ஒரு அளவு வேண்டாமா? எங்க வீட்லயும் பேரப்பிள்ளையையும் சேர்த்து மூணு பேருதான் இருக்கோம். சந்தை தோத்துப்போகும். நேத்து கேஸ் சிலிண்டர் வந்துச்சே, பாத்தீகளா? ஊரே உருட்டிக்கிட்டுப் போகும். இவுக புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பச்சப்பிள்ளையைத் தூக்குற மாதிரியில்ல தூக்கிட்டுப் போறாக!”

“தரை உடைஞ்சிரும்னு நினைச்சிருப்பாக.”

“ஆமா, உங்க தரை மேல அம்புட்டுப் பாசம்!” முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை உங்க மாடிக் குழாயில இருந்து வந்த தண்ணியைப் பாத்தேன். ஈயம் பூசுன மாதிரி மினுமினுங்குது. கம்பெனி லீவு அன்னைக்கு அந்தத் தண்ணி எங்கனயிருந்து மதினி வருது?”

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது பாலம்மாளுக்கு விளங்கிவிட்டது. அந்த வட்டாரத்தில் யாருக்கும் அதை விளக்கவேண்டியதில்லை. சீசன் நெருங்கி ஆர்டர் குவியும்போது, எங்காவது ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, உரிமம் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு பட்டாசு செய்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு வீடு இருப்பது ஒரு நாள்வரை பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அந்த ஒரு நாள் வந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

“எந்தத் தெருக்காரகன்னு கேட்டுக்கிட்டீகளா, குடி வைக்கிறதுக்கு முன்ன?” என்று முத்துப்பேச்சி மெல்ல விசாரித்தார்.

“நான் மாடிக்கு ஆள் வச்சேன். சம்பந்தம் பேசவா போனேன்?”

“கோவிச்சுக்கிடாதீக. நாளைக்கு உங்க மாடி போச்சுன்னா எங்க வீட்டுச் சன்னலும் சேர்ந்துதான் போகும். அதுக்குச் சொன்னேன்.”

முத்துப்பேச்சிக்கு எடுத்தெறிந்து பதில் சொல்லிவிட்டாரே தவிர, அவர் சொன்னதைப் பாலம்மாளால் ஒதுக்கிவிட முடியவில்லை. அதுவரை கண்ணில் பட்டும் கருத்தில் படாதவை எல்லாம் ஒவ்வொன்றாக முன்னே வந்து நின்றன. மூன்று பேரும் செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறார்கள். மாடி வாசலில் எப்போதும் ஈரச் சாக்கு கிடக்கிறது. வள்ளித்தாய் வேனிலிருந்து இறங்கி வந்தால், இரும்புக் கேட்டின் மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள் என்று பாலம்மாள் கேள்விப்பட்டிருக்கிறார். வீட்டுக்குள் போவதற்கு அது எதற்கு?

போலீசில் சொல்லலாம். சொன்னால் மாடி காலியாகும். மாடி காலியானால் பெங்களூர். சொல்லாமல் விட்டால், முத்துப்பேச்சியின் வீட்டில் பேரக்குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது. அன்று மகன் அழைத்து, “மேல இருக்கிறவுக எப்படிம்மா?” என்று கேட்டபோது, “தங்கமான ஆளுக” என்று சொன்னார். சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைத் தாமே நம்ப முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர்களிடம் மாடிக்கு இன்னொரு சாவி இருப்பது எங்கும் உள்ள வழக்கம். அதை எடுத்துக்கொண்டு, குடியிருப்பவர்கள் இல்லாத நேரத்தில் திறப்பது எங்கும் இல்லாத வழக்கம். பாலம்மாளுக்கு இரண்டும் தெரியும். ஆகவேதான் மறுநாள் காலை மூவரும் கிளம்பிப் போனபின் படியேறும்போது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தேன் என்ற ஒரு சாக்கையும் உடன் எடுத்துக்கொண்டு ஏறினார்.

உள்ளே எல்லாம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. கட்டில் கால், நாற்காலிக் கால், பீரோக் கால் என்று எல்லாவற்றின் அடியிலும் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகியிருந்தார்கள். தட்டுகளை அடுக்கிய இடத்தில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பழந்துணி மடித்து வைத்திருந்தது. தேடிப் பார்த்தும் ஒரு தீப்பெட்டி கண்ணில் படவில்லை. அடுப்படி மூலையில் ஒரு வாளி நிறைய மணல், பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். சமையல் செய்கிறவர்களுக்கு மணல் எதற்கு?

கட்டிலுக்கு அடியில் வாயைத் தைத்த ஒரு மூட்டை இருந்தது.

அவர் மெதுவாகத் தரையில் அமர்ந்தார். மூட்டையின் ஒரு காதைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“இழுக்காதீக!”

பாலம்மாளின் கை மூட்டையின் மேலேயே நின்றுவிட்டது. மாடியும் தெருவும் முத்துப்பேச்சியின் சன்னலும் அந்த ஒரு நொடியில் அவர் கண் முன்னால் வந்து போயின. வாசலில் மாரிசெல்வி தோளில் பையோடு நின்றிருந்தாள். அவள் படியேறி வந்த சத்தம்தான் வழக்கம்போல் கேட்கவில்லையே.

“கையை எடுக்கட்டுமா, வேண்டாமா?” என்று பாலம்மாள் கேட்டார்.

“எடுங்க.”

“எடுத்தா வெடிச்சிராதுல்ல?”

மாரிசெல்வி அவரையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “கடலை எப்படிம்மா வெடிக்கும்?”

“என்னது?”

“நிலக்கடலை. எங்க மாமா குத்தகைக் காட்டுல விளைஞ்சது.” அவள் வந்து தையலில் விரலை விட்டு ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினாள். மண் ஒட்டிய கடலைதான்.

“அப்புறம் ஏன் தாயி அப்படிக் கத்துன? எனக்கு உசிரே போயிருச்சு.”

“பழக்கம்மா. எங்க வீட்ல யாரு எதை இழுத்தாலும் அம்மா இப்படித்தான் கத்தும். கம்பெனியில ஒண்ணையும் இழுக்கவும் கூடாது, கீழ போடவும் கூடாது, தூக்கித்தான் வைக்கணும். அது வீட்லயும் அப்படியே வந்துருச்சு. எனக்கு நடை பழகுறதுக்கு முன்னாலயே இது பழகிருச்சு.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மூட்டையைக் கண்டு மிரண்டிருந்த வீட்டுக்காரம்மாவைப் பார்த்தால் யாருக்கும் வரும். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. “நீங்க எப்படி உள்ள வந்தீக?”

“டேங்க் ஒழுகுதான்னு…”

“டேங்க் கட்டிலுக்கு அடியிலயா இருக்கு?”

பாலம்மாள் கையிலிருந்த சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இங்க வச்சு வெடி செய்யிறோம்னு நினைச்சீகளா?”

“நீங்க ஒரு சத்தமும் போடலையே தாயி. அதான், என்னமோ ஏதோன்னு…”

“சத்தம் போட்டா அனுப்பிருவீகன்னு புரோக்கர் சொன்னாரு. ‘வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தமே ஆகாது, ஒரு குடும்பத்தையே கிளப்பிட்டாக’ன்னாரு. அன்னைக்கே அம்மா சொல்லிருச்சு, ‘மருந்து ரூம்ல நடக்குற மாதிரி நடங்க. இந்த வீடும் போச்சுன்னா நமக்கு வேற வீடு குடுக்க ஆள் இல்ல’ன்னு. எத்தனை வீட்ல கேட்டோம் தெரியுமா? தும்மல் வந்தாக்கூட அப்பா மொட்டைமாடிக்கு ஓடுறாரு.”

கடைசி வாக்கியத்தை வேறொரு நேரத்தில் கேட்டிருந்தால் பாலம்மாளும் சிரித்திருப்பார். இப்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தது. மாரிசெல்விதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

“அம்மாகிட்டச் சொல்லுவியா?” என்று கேட்டார்.

“சொன்னா நாளைக்கே சாமானைக் கட்டிரும். ரோசக்காரி. எங்க சொந்தத்துலயே ஒருத்தவுக ஒரு தடவை ஒரு சொல்லுச் சொல்லிட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் அவுக வீட்டுப் படி மிதிக்கல.” அவள் கையிலிருந்த கடலையை மறுபடி மூட்டைக்குள் போட்டாள். “இங்கயிருந்து போனா நான் திரும்பப் புதுப்பட்டியில இருந்துதான் பஸ் ஏறணும். சொல்லலேன்னா அம்மாகிட்ட மறைச்ச மாதிரி ஆகும். இதுவரைக்கும் நான் அப்படி எதையும் மறைச்சதில்ல. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.”

பாலம்மாள் கீழே இறங்கி வந்தார்.

கல்லூரியில் ஏதோ காரணத்தால் அன்று வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் திரும்பி வராமல் இருந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை என்று ஒரு மனம் சொல்லியது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. பிள்ளையிடம் கெஞ்சிக் கேட்டால் சொல்லாமல் இருந்துவிடுவாள். பேருந்துக்குப் பயப்படுகிறவள்தானே என்று அதே மனம் இன்னும் ஒரு படி கீழே இறங்கிச் சொன்னது. சொந்த வீடும் சொந்தத் தெருவும் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு மாலையும் அந்தப் பெண் கேட்டைத் திறந்து வருவாள். தாய்க்குத் தெரியாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு தம் தலைக்கு மேலே நடமாடுவாள். தாம் செய்ததற்கு ஒரு சிறுபெண்ணைக் காவல் வைப்பதா என்று எண்ணிப்பார்த்தபோது, பாலம்மாளுக்குத் தம் மீதே அருவருப்பாக இருந்தது.

பிற்பகலில் அவரே மகனை அழைத்தார்.

“ஏலே ஹரி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். மேல இருக்கிறவுக வீட்டை அவுகளுக்குத் தெரியாம திறந்து பாத்துட்டேன்.”

“எதுக்கும்மா?”

“எதுக்குங்கிறதை விடு. அதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் வள்ளித்தாய்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன். அவுக இருந்தா நானும் இங்கன இருப்பேன். போயிட்டாகன்னா நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.”

மகன் “சரிம்மா” என்றான். குரலில் வெற்றி பெற்றவனின் மகிழ்ச்சி இல்லை என்பதைத் தாய் கவனித்தார்.

பொழுது சாயும் நேரத்துக்கு வேன் வந்தது. வள்ளித்தாய் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார். முகம் கழுவியிருந்தாலும் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் சாம்பல் நிறப் பொடி மின்னிக்கொண்டிருந்தது. கேட்டில் கை வைத்து நின்றவர், உள்ளே பாலம்மாள் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் பதறினார்.

“என்னம்மா இங்கன நிக்கிறீக? ஏதும் சத்தம் கேட்டுச்சா?”

அந்தக் கேள்வி பாலம்மாளை இன்னும் குன்ற வைத்தது. முத்துப்பேச்சியின் பெயரை இழுக்காமல், சந்தேகப்பட்டதையும் சாவி போட்டுத் திறந்ததையும் மூட்டையைத் தொட்டதையும் தாமே செய்ததாகச் சொன்னார். “எம்மேல தப்பு. என்னை மன்னிச்சுக்க தாயி” என்று முடித்தார்.

வள்ளித்தாய் அசையாமல் கேட்டார்.

“சந்தேகம் வந்துச்சுன்னா என்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டு, நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, எம்மகன் என்னைப் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான்.”

“எங்களுக்கு உங்களைக் கண்டா பயம், உங்களுக்கு எங்களைக் கண்டா பயம். நல்லாயிருக்கும்மா நம்ம பொழப்பு.” வள்ளித்தாய் சிரிக்கவில்லை. “கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நான் அந்த மருந்துலதான் சோறு திங்கிறேன். என்கூட உக்காந்து வேலை பாத்த சனத்துல சில பேரு இன்னைக்கு இல்ல. அதைக் கொண்டுவந்து எம்பிள்ளை படுக்கிற இடத்துல வைப்பேனா? வேலைச் சேலையைக்கூட மத்த துணியோட சேக்காம, ஞாயித்துக்கிழமை தனியாத்தான் அலசுறேன். தீ பிடிச்சா அணைக்கணுமேன்னு அடுப்படியில மணலை வச்சுக்கிட்டுச் சமைக்கிறவம்மா நான்.”

“எனக்குத் தெரியல தாயி.”

“தெரியலேன்னா கேக்கணும்.” அவர் கையை நீட்டினார். “சாவியைக் குடுங்க.”

பாலம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஒருவர் குடியிருப்பவரிடம் அப்படிச் சாவி கொடுத்ததை அந்தத் தெரு அதுவரை பார்த்திருக்காது.

“அவுக வேலை முடிஞ்சு வரட்டும். கலந்து பேசிட்டுக் காலையில சொல்றேன்” என்று வள்ளித்தாய் படியேறிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பாலம்மாள் குளித்து, நல்ல சேலை கட்டி, வாசலில் வந்து நின்றார். எந்தப் பதிலாக இருந்தாலும் நின்று வாங்கிக்கொள்வதே முறை என்று அவருக்குப் பட்டது. வேன் வரும் நேரத்துக்கு வள்ளித்தாய் இறங்கி வந்தார். முகம் இறுகித்தான் இருந்தது.

“அவுக இருப்போம்னு சொல்லிட்டாக. ‘மனசுல வச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேசாம, நேர்ல நின்னு சொன்னாகல்ல, அது போதும்’ங்கிறாக. பிள்ளையும் அதைத்தான் சொல்லுது. எனக்குத்தான் ஆறல. ஆறுற வரைக்கும் நான் உங்ககிட்டப் பேச மாட்டேன். வருத்தப்படாதீக.”

“பேச வேண்டாம் தாயி. இருங்க. அம்புட்டுப் போதும்.” பாலம்மாள் கேட்டை அகலத் திறந்து வழிவிட்டார்.

தெருமுனையில் வேன் ஒலி எழுப்பியது. வள்ளித்தாய் விறுவிறுவென்று நடந்தார். பாதித் தெருவில் ஏதோ நினைவு வந்தவராய் நின்று திரும்பினார்.

“இன்னைக்குக் குடிதண்ணி விடுறாகளாம். இன்னைக்கு விட்டா இனி அடுத்த வாரந்தான். எங்க வீட்ல யாரும் இருக்க மாட்டோம். குடமெல்லாம் படிக்கு அடியில இருக்கு, பிடிச்சு வைக்கிறீகளா?”

“வைக்கிறேன், வைக்கிறேன்” என்ற பாலம்மாளுக்கு, வாய் சும்மா இருக்கவில்லை. “பேச மாட்டேன்னு சொன்னியே?”

“அது அதுதான். இது தண்ணி விசயம்” என்று சொல்லிவிட்டு வள்ளித்தாய் வேனில் ஏறிக்கொண்டார்.

தண்ணீர் வர நேரமாகும்போலிருந்தது. பாலம்மாள் படிக்கு அடியிலிருந்த குடங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உள்ளே கை விட்டுப் புளி போட்டுத் துலக்கினார். குழாயடியில் முந்தின நாளே வரிசையாக வைத்திருந்த தம்முடைய குடங்களை எடுத்து ஓரமாக வைத்தார். மாடிவீட்டுக் குடத்தை முதலில் வைத்துவிட்டு, தண்ணீருக்காகப் பக்கத்திலேயே காத்திருந்தார்.